முந்திக்கொண்ட அஞ்சலி

உக்காருங்க, உக்காருங்க. பையை எடுத்து மடியில வெச்சுக்கறேன். சத்தியமங்கலம் வரைக்கும் போறீங்களா? அப்பச் சவுகரியமாப் போச்சு. நான் புளியம்பட்டியில எறங்கிடுவனுங்க, அதுக்கப்பறம் நீங்க ஜன்னலோரமா நகந்துக்கலாம். மாமனார் ஊட்டுக்குத்தானுங்க போறேன். சம்சாரம் ரெண்டு மாசமா அங்கதான் இருக்கறா. இன்னைக்குப் போயிக் கையோட கூட்டிக்கிட்டு வந்தறலாம்னு கெளம்பிட்டேன்.

சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணுமில்ல? அவ பேசவே இல்லையே. இலக்கியம்னா என்னன்னு தெரியாத குடும்பத்துல பொண்ணெடுத்தா இப்படித்தான் ஆகும். உங்களுக்கு எழுத்து, படிப்புல எல்லாம் ஈடுபாடு உண்டுங்களா? மெயில் பாப்பீங்களா? ஓ, பேங்க் மெசேஜ் மட்டும். அதானுங்க நம்ம ஆளுங்க பண்ற தப்பு.

நான் ஒரு கடிதம் நடத்தறனுங்க. தபால்ல இல்ல, மெயில்ல. நியூஸ்லெட்டர்னு சொல்லுவாங்க. பத்திரிகைக்கு அனுப்பி, அவன் பிரிச்சுக்கூடப் பாக்காமத் திருப்பி அனுப்பி, நாம மனசொடிஞ்சு கெடந்து, இதெல்லாம் எதுக்கு? நேரா வாசகன் கையிலயே கொண்டுபோய்க் குடுத்தறது. நடுவுல எவனும் கெடையாது. இது நல்லா இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு கெடையாது. அதுதானுங்க அதுல இருக்கற சுதந்திரம்.

‘உள்ளங்கை ஈரம்’னு பேரு. எப்படி இருக்குது? பேரு வெச்ச அன்னைக்கு எங்க சுலோசனாகிட்டச் சொன்னேன். அப்ப அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. தலைய நிமித்தாமயே, துண்டு அங்க கெடக்குது தொடச்சுக்கங்கன்னு சொல்றா. இப்படி ஒருத்திய வெச்சுக்கிட்டு நான் இத்தனை வருசம் எழுதியிருக்கறேன், நெனச்சுப் பாருங்க.

மில்லுல பர்ச்சேஸ் செக்ஷன்ல இருந்தனுங்க. பேரிங் இத்தனை, பெல்ட்டு இத்தனைன்னு எழுதி எழுதியே காலம் ஓடிப்போச்சு. ரிட்டயர் ஆனப்பறந்தான் எனக்குள்ள ஒரு எழுத்தாளன் முழிச்சுக்கிட்டான். வாரா வாரம் ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்குக் கடிதம் போயிடும். நான் எந்திரிச்சு அனுப்பணும்னுகூட இல்லை. முன்னாடியே எழுதி நேரம் குறிச்சு வெச்சுட்டா, நாம தூங்கினாலும் அது பாட்டுக்குப் போயிடும்.

வாசகர் எத்தனைன்னு கேக்காதீங்க, எண்ணிக்கை முக்கியமில்லை. நூத்துச் சொச்சம். எங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பச் சொந்தக்காரங்க மெயிலெல்லாம் வாங்கி வெச்சிருந்தேன், அத்தனையையும் நானே சேத்துவுட்டுட்டேன். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல. அப்பறம் எங்க குழு ஒண்ணு இருக்குதுங்க, கடிதம் நடத்தற எழுத்தாளர்களெல்லாம் சேந்தது. பீளமேட்டுல விவேகானந்தன்னு ஒருத்தரு, மைப்பேனாவப் பத்தி மட்டுமே எழுதுவாரு. பேனாவுல எழுதமாட்டாரு, பேனாவப் பத்தி எழுதுவாரு. ஈரோட்டுல ஹேமாம்பிகைன்னு ஒரு அம்மா, மாடித்தோட்டம். தக்காளிச் செடிக்கெல்லாம் பேரு வெச்சு, அது வாடினா நாலு பக்கம் அழுவாங்க. நான் அவங்களதத் தொறப்பேன், அவங்க என்னதத் தொறப்பாங்க. படிக்கறது அவங்கவங்க வசதி. தொறந்தா போதும், கணக்குல ஏறிடும்.

ஆமாங்க, யார் தொறந்தாங்க, எத்தனை மணிக்குத் தொறந்தாங்கன்னு எல்லாமே நமக்குத் தெரிஞ்சிடும். சுலோசனாவுக்கு நானே ஒரு மெயில் ஐடி பண்ணிக் குடுத்திருந்தேன். ஏழு மணிக்குக் கடிதம் போகும். ஏழே காலுக்கு நான் சமையக்கட்டு வாசப்படியில போயி நிப்பேன். தொறந்தியான்னு கேப்பேன். இட்டிலித் தட்டை எறக்கி வெச்சுட்டு, கையைத் தொடச்சுக்கிட்டு, போனை எடுத்துத் தொறப்பா. நல்லா இருக்குதுங்கன்னு சொல்லுவா. எந்த எடம் நல்லா இருக்குதுன்னு கேப்பேன். எல்லாமேன்னு சொல்லுவா. அதுல ஒரு சந்தோசம் இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது.

என்ன எழுதுவனா? வாழ்க்கைதான். உண்மை. மனசத் தொறந்து எழுதணும்கறதுதான் எங்க குழுவோட கொள்கையே. அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்கல்ல, அதை மூணு பாகமா எழுதினேன். அவ கண்ணுல தண்ணி வராத எடத்துலகூட வாசகருங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. அவளும் அவ தம்பியும் நெலத்துக்காகப் பேசாமப் போனது, அவ குறட்டை, அவ மாத்திரை, எல்லாம் எழுதியிருக்கறேன். ஒருதரம் கேட்டா, என்னைப் பத்தி எழுதாம இருக்கக்கூடாதுங்களான்னு. அப்பறம் எதைப் பத்தி எழுதறது, நீங்களே சொல்லுங்க. எனக்கு என்னங்க நடக்குது? காலையில பேப்பரு, மத்தியானம் சோறு, சாயங்காலம் வாக்கிங். நடக்கறதெல்லாம் அவளுக்குத்தானே நடக்குது.

கோவில்பாளையம் வந்தாச்சா? இன்னும் நேரம் இருக்குது. விசயத்துக்கு வர்றேன்.

எங்க மாமனாரு நாச்சிமுத்து, புளியம்பட்டியில மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தாரு. எம்பத்திரண்டு வயசு. நெஞ்சுல சளி கட்டி, மூச்சு வாங்கி, கோயமுத்தூருல ஒரு ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேத்தோம். வெள்ளிக்கெழம டாக்டர் வெளிய வந்து, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னாரு. சுலோசனா சுவத்துல சாஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டா. எனக்கும் துக்கம் தாங்கலீங்க. துக்கம் வந்தா எழுத்தாளன் என்ன பண்ணுவான்? ஆஸ்பத்திரி கேண்டீன்லயே உக்காந்து, போன்லயே எழுதிட்டேன். ‘ஒரு மனிதன் அணைந்தான்’னு தலைப்பு. ஒரே மூச்சுல எழுதினது. வாழ்க்கையிலயே நான் எழுதினதுல சிறந்தது அதுதானுங்க. எழுதி முடிச்சு, ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு நேரம் குறிச்சு வெச்சுட்டேன். அன்னைக்கு ஆயிரம் வேலை இருக்கும், அடக்கம் அது இதுன்னு. அப்ப உக்காந்து எழுத முடியுங்களா? ஒரு முன்யோசனைதான்.

சனிக்கெழம சாயங்காலம் மாமனாரு கண்ணத் தொறந்து காப்பி கேட்டாரு.

சந்தோசம்தானுங்க, யாரு இல்லைங்கறா. சுலோசனா அழுதா, சிரிச்சா, நர்சம்மா கையப் புடிச்சுக்கிட்டா. அந்தக் கூத்துல நான் கடிதத்தையே மறந்துட்டேன். சுத்தமா மறந்துட்டேன். ராத்திரி ஒரேதரம் தொறந்து, ரெண்டாவது பத்தியில ‘கண்ணீர்’ ரெண்டுதரம் வருதேன்னு ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மூடினேன். என்னங்க? நிறுத்தியிருக்கலாம்தான். டாக்டரே இன்னும் ரெண்டு நாள் பாத்துத்தான் சொல்ல முடியும்னாரே, அப்ப அவருக்கே நிச்சயமில்லைன்னுதானே அர்த்தம்? அதுவும் இல்லாம நீங்க அந்தக் கட்டுரையப் படிச்சிருந்தா இப்படிக் கேக்கமாட்டீங்க.

ஞாயித்துக்கெழம ஏழு மணிக்குப் போயிடுச்சு. ஏழரைக்குள்ள பாதிப் பேருக்கு மேல தொறந்துட்டாங்க. அது வரைக்கும் அப்படி ஆனதே கெடையாது. திருப்பூருல சுலோசனாவோட சித்தப்பா பையன் அதை எடுத்துக் குடும்ப வாட்ஸப்புல போட்டுட்டான். அது ஒருபக்கம் பெருமைதான், நம்ம எழுத்தை ஒருத்தன் தானா எடுத்துப் பகிர்றான்னா. ஆனா ஒன்பது மணிக்கெல்லாம் ரோசாப்பூ மாலையோட சனம் கேதத்துக்கு வர ஆரம்பிச்சிடுச்சுங்க. அவிநாசியில இருந்து மாமனாரோட தங்கச்சி வந்து, லிப்டுல ஏறும்போதே மாரடிச்சு அழுகை. மூணாவது மாடியில கதவைத் தொறந்து உள்ள வந்தா, அண்ணன் கால நீட்டி உக்காந்து இட்டிலி தின்னுக்கிட்டு இருக்கறாரு. அந்தம்மா அழுகைய நிறுத்தவும் தெரியாம, தொடரவும் தெரியாம, அதே ராகத்துல எங்கண்ணா, நீ எப்ப வந்தேன்னு கேக்குது. மாமனாரு சட்னியத் தொட்டுக்கிட்டே, யாரு போயிட்டாங்கன்னு விசாரிக்கறாரு.

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சுலோசனாகூடச் சிரிச்சா. அங்கேயே முடிஞ்சிருக்கணுங்க. சிரிப்போட முடிஞ்சிருந்தா எனக்கு இந்த பஸ்ஸே தேவையில்லை.

மாமனாருக்கு ஆசை வந்துடுச்சு, நான் செத்தப்ப என்னைப் பத்தி மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கறாருன்னு பாக்கலாம்னு. போனை வாங்கி, எழுத்தைப் பெருசாக்கி, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிக்கறாரு. ஒவ்வொரு பத்தியா மேல தள்றாரு. நான் பக்கத்துலயே நின்னு மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கறேன். எந்த எழுத்தாளனுக்குங்க கெடைக்கும் அந்த வாய்ப்பு? அஞ்சலி யாருக்கோ, அதைப் படிக்கற வாசகனும் அவரேதானே.

நாலாவது பத்தி வரைக்கும் நல்லாத்தான் படிச்சாரு.

அது ஒரு பழைய விசயமுங்க. சுலோசனா சின்னப் புள்ளையா இருந்தப்ப அவரு ஒரு வருசம் ஊட்டுல இல்லை. பம்பாய்ல ஒரு மில்லுல மோட்டார் வேலைக்குப் போயிருந்தாருன்னு ஊருக்கெல்லாம் பேச்சு. பம்பாயும் இல்லை, மில்லும் இல்லை. தாராபுரத்துல ஒரு பொம்பளைகூட இருந்திருக்கறாரு. ஒரு நாள் சாயங்காலம் துணிப்பையோட வந்து வாசல்ல நின்னாராம். மாமியார் ஒண்ணுமே கேக்கலையாம். கால் கழுவத் தண்ணி எடுத்து வெச்சுட்டு, தட்டப் போட்டுச் சோறு வெச்சிருக்கறாங்க. அன்னைக்கு இருந்து சாகற வரைக்கும் அதப் பத்தி அந்தம்மா ஒரு வார்த்தை வாயைத் தொறக்கல. மாமியார் காரியத்தன்னைக்கு சுலோசனா எங்கிட்ட மட்டும் சொன்னா. இது உங்களோட இருக்கட்டுங்கன்னு சொல்லித்தான் சொன்னா.

நீங்களே சொல்லுங்க, இதைவிட ஒரு கதை கெடைக்குங்களா? செத்துப்போன மனுசனப் பத்தி நல்லவரு, வல்லவரு, மோட்டார் கட்டினாருன்னு எழுதினா எவன் படிப்பான்? மனுசன் விழுந்து எந்திரிச்சதச் சொன்னாத்தானே அவன் மனுசன். அந்தப் பொம்பளை பேரை மாத்திட்டனுங்க, எனக்கும் பொறுப்பு உண்டு. ஊரு பேரை மட்டும் மாத்தல. மாத்தினா மண்வாசனை போயிடும்.

அந்தப் பத்தியில வந்ததும் அவரு விரல் நின்னுபோச்சு. ரூம்புல அத்தனை சொந்தக்காரங்க நிக்கறாங்க. பாதிப் பேரு வர்ற வழியிலயே படிச்சவங்க. அதுவரைக்கும் சிரிச்சவங்க எல்லாம் ஜன்னலப் பாக்கறாங்க, டிரிப்ஸ் பாட்டிலப் பாக்கறாங்க. அவரு கண்ணாடியக் கழட்டி மடிச்சு வெச்சாரு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. மகளப் பாத்தாரு.

“நீ சொன்னியா, சாமி?”

அவ்வளவுதானுங்க கேட்டாரு. அவ தட்டை எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிட்டா. அத்தனை பெரிய கட்டுரை, ரத்தத்தப் புழிஞ்சு எழுதினது, நடை எப்படி, மொழி எப்படின்னு ஒரு வார்த்தை இல்லைங்க அந்த மனுசன்கிட்ட. எனக்கு மனசு விட்டுப்போச்சு.

டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு அப்பாகூட அவளும் கார்ல ஏறிக்கிட்டா. பாத்துக்க ஆளில்லைன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம கடிதம் போன கையோட மெசேஜ் வருது, ஒருத்தர் விலகிக்கிட்டாங்கன்னு. யாருன்னு பாக்கறேன், இவ. விலகற பட்டன் எங்க இருக்குதுன்னு அவளா தேடிக் கண்டுபுடிச்சிருக்கறா. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததும் அவதான்னு நெனைக்கறேன், அந்த வாரம் கொத்துக் கொத்தாப் போனாங்க. ஊட்டை விட்டுப் போனதுகூட எனக்கு அப்படி வலிக்கலீங்க.

நான் சும்மா இருப்பனா? எழுதினேன். ‘ஆளில்லா அடுப்பு’ன்னு ஒரு தொடர். அவ இல்லாத ஊடு, ஆறின காப்பி, எனக்கு ரசம் வெக்கத் தெரியாதது. நாலு பாகம் வந்துடுச்சு. சொந்தக்காரங்க போன எடத்துல முன்னப் பின்ன தெரியாதவங்களா வந்து சேந்துக்கிட்டாங்க. ஹேமாம்பிகை அம்மா, உங்க தனிமை எங்களுக்குக் கெடைச்ச வரம்னு எழுதியிருந்தாங்க. எங்கியோ கனடாவுல இருந்து ஒருத்தரு, சுலோசனா திரும்பி வந்தாங்களா, அஞ்சாவது பாகம் எப்பன்னு வாராவாரம் கேக்கறாரு. அந்த அஞ்சாவது பாகத்துக்குத்தானுங்க இப்பப் போறேன். அதாவது, அவளக் கூப்பிடப் போறேன். ரெண்டும் ஒண்ணுதானே.

இருங்க, போன் அடிக்குது. அவதான், வர்றேன்னு காலையில மெசேஜ் போட்டிருந்தேன்.

ம். சொல்லு. அன்னூர் தாண்டிட்டேன். ம். ம். அப்பா எப்படி இருக்கறாரு? சரி. ம். சரி சரி. அட, சரின்னு சொல்றேனில்ல. எழுத மாட்டேன். இல்லை, சத்தியமா எழுத மாட்டேன். போனை வெய்யி.

வர்றாளாமுங்க. பையெல்லாம் எடுத்து வெச்சுட்டாளாம். ஊட்டுக்கு வர வேண்டாம், பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன், அப்படியே அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிடலாம்னு சொல்றா. நான் கெஞ்சவும் இல்லை, அவ கோவிச்சுக்கவும் இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

“நான் வந்தத எழுதாதீங்க. வந்தேன்னு ஒரு வரிகூட வேண்டாம். வந்தா, ஊட்டுல இருக்கறா, அவ்வளவுதான். எழுத மாட்டேன்னு சொல்லுங்க, நான் வர்றேன்.”

சொல்லிட்டேன், நீங்களும் கேட்டீங்கல்ல. வாய் தவறிச் சொன்னது இல்லை, மனசாரச் சொன்னதுதான். அவ குரலைக் கேட்டு ரெண்டு மாசமாச்சுங்க. ஊட்டுல பாத்திரம் உருள்ற சத்தம்கூட இல்லாம, மத்தியானத்துல ரேடியோவப் போட்டுட்டு உக்காந்திருக்கறேன். ராத்திரிச் சோத்துக்கு ஓட்டல் பொட்டலம். அவ வேணும் எனக்கு. அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நாலு பாகம் படிச்சவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? கனடாக்காரரு கேப்பாரு. வந்துட்டாளான்னா, வந்துட்டான்னு சொல்லக்கூடாது. வரலைன்னு எழுதினா பொய்யாயிடும், நான் பொய்யே எழுதறது இல்லை. எழுதாம வெச்சிருந்தா, அவ வந்தது யாருக்குங்க தெரியும்? எனக்கும் அவளுக்கும் தெரியும். அது ஒரு தெரியறதா? சமையக்கட்டுல அவ இருப்பா, நான் வாசப்படியில நிப்பேன், தொறந்தியான்னு கேக்கக்கூட முடியாது. வாசகர் பட்டியல்ல இருந்து அவ பேரையே எடுத்துட்டாளே. அப்பறம் என்ன பேசறது அவகிட்ட?

புளியம்பட்டி வந்துடுச்சு போல. ஆமா, சந்தை மைதானம். இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. அதோ பாருங்க. டீக்கடைப் பக்கம், பச்சைச் சேலை. அவதான். எளைச்சுட்டா. பெஞ்சுல யாரு? மாமனாரா? தடிய ஊணிக்கிட்டு வந்திருக்கறாரு மனுசன், மகள அனுப்பி வெக்க. பையத் தானே மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு பாருங்களேன்.

எறங்கணும். எறங்கத்தான் வந்தேன். கொஞ்சம் உங்க துண்டைக் குடுங்க, தலைக்குப் போட்டுக்கறேன், வெயில் அடிக்குது.

எல்லாப் பஸ்ஸையும் உத்து உத்துப் பாக்கறா. முன்படிக்கட்டையே பாக்கறா, நான் எப்பவும் முன்னாடிதான் எறங்குவேன்னு தெரியும். முந்தானையில மொகத்தத் தொடச்சுக்கறா. என்ன ஒரு காட்சிங்க இது. நான் எறங்கினா இது அப்படியே முடிஞ்சு போயிடும். வாம்பேன், வருவா, பஸ் ஏறுவோம், நாளைக்குக் காலையில இட்டிலி. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணும் இருக்குது. அவளுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். எறங்கினா அவ வருவா. வந்தா எனக்கு எழுதாம இருக்க முடியாது, என்னை எனக்குத் தெரியும். எழுதினா வாக்குத் தவறினவன் ஆயிடுவேன். மறுபடியும் அவளுக்குத் துரோகம் பண்ணச் சொல்றீங்களா? வந்ததத்தான் எழுதக்கூடாதுன்னா. வராததப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல.

விசில் அடிச்சுட்டான். போகட்டும், போகட்டும். என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்குப் புரியாதுங்க, நீங்க பேங்க் மெசேஜ் படிக்கறவரு. கண்டக்டர், எனக்கு சத்தி ஒண்ணு குடுங்க. ஆமா, புளியம்பட்டிதான் வாங்கினேன், நீட்டிக்கறேன்.

இன்னும் அந்தப் படிக்கட்டு நின்ன எடத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா. அடுத்த பஸ்ஸும் பாப்பா. அதுக்கடுத்ததும் பாப்பா. எனக்குக் கண்ணு கலங்குதுங்க, பாருங்க, நெசமாவே கலங்குது. முதல் வரி வந்துடுச்சு. ‘அவள் காத்திருந்தாள்.’ இதைப் படிச்சா கல்லும் கரையும். கனடாக்காரரு அழுவாரு. ஹேமாம்பிகை அம்மா அழுவாங்க.

அவ படிக்கமாட்டா. அதனால என்னங்க, மத்தவங்க எல்லாரும் படிப்பாங்க.